இடப்பக்கம் திரும்பும்போது மட்டும்

மழைக்கு அன்று வேறு வேலை இல்லை. காலையிலிருந்து அந்த வணிக வளாகத்தின் தலையிலேயே பெய்துகொண்டிருந்தது. அடித்தள வண்டி நிறுத்தத்திலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவில் தண்ணீர் வாய்க்கால் போல இறங்கியது. சரிவின் நடுவில் ஒரு நீலநிறச் சின்னக் கார் நின்றபடி, முன்சக்கரங்களில் ஒன்றை மட்டும் மிக்ஸி போலச் சுற்றிக்கொண்டிருந்தது. புகை வந்தது. ரப்பர் தீய்ந்த வாடை வந்தது. கார் மட்டும் மேலே வரவில்லை.

அதற்கு நேர் பின்னால், பட்டறை வேனில், ஸ்டியரிங் மேல் தாடையை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். வேனின் முதுகில் ஒரு பழைய கியர்பாக்ஸ் தார்ப்பாய்க்குள் சுகமாகப் படுத்திருந்தது. அவளுக்கு அந்தச் சுகம் இல்லை. பின்னால் ஹாரன்கள்... முன்னால் மிக்ஸி... இரண்டுக்கும் நடுவில் அவள்.

பொறுத்துப் பார்த்தாள். அது அவளுக்கு வராத கலை. இறங்கி, மழையில் நனைந்தபடி போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுங்க சார்."

கண்ணாடி இறங்கியது. உள்ளே ஒருவன். மடிப்புக் கலையாத சட்டை, கலைந்த முடி... அப்புறம் அந்தக் கண்கள். தப்புச் செய்து மாட்டிக்கொண்ட கண்கள் என்றால் அவளுக்குத் திட்டத் தெரியும். இவை தப்பு என்னவென்றே தெரியாத கண்கள். அகலமாக, நிதானமாக, 'நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்' என்று காத்திருக்கும் கண்கள். இந்த வகைக்கு அவளிடம் வசவு தயாராக இல்லை.

"மேல போகணும்ங்க..."

"எனக்குப் புரியுது. உங்க வண்டிக்குத்தான் புரியல."

"நல்லா மிதிச்சுதான் பாக்கறேன்."

"அதாங்க பிரச்சனையே. வலது சக்கரம் தண்ணியில நிக்குது, பிடி இல்ல. இடது சக்கரம் சுவரோரமா காஞ்ச சிமென்ட்ல நிக்குது. உங்க வண்டி என்ன பண்ணுது தெரியுமா? வேல செய்யத் தயாரா இருக்கறவன விட்டுட்டு, சும்மா சுத்தறவனுக்கே எல்லா சக்தியையும் குடுக்குது."

அவன் கொஞ்சம் யோசித்தான். "எங்க ஆஸ்பத்திரி நிர்வாகம் மாதிரியே இருக்கே..."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மழையில் நனைந்துகொண்டு சிரித்தால் மரியாதை போய்விடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டாவது கியர் போடுங்க. நான் கை காட்டும்போது கிளட்ச மெதுவா விடுங்க. மிதிக்கவே கூடாது. சரியா?"

"சரி... நீங்க எங்க போறீங்க?"

"உங்க வண்டி மேல."

சொன்னபடியே செய்தாள். பானெட்டின் வலது ஓரத்தில், சுற்றுகிற சக்கரத்துக்கு நேர் மேலே, ஏறி உட்கார்ந்துகொண்டாள். சக்கரத்துக்குத் தேவை கொஞ்சம் பாரம். அவளிடம் அது இருந்தது. அதைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லத் தேவையில்லை.

கையைக் காட்டினாள். கார் நகர்ந்தது... ஊர்ந்தது... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள், நடுவில் வைப்பர். வைப்பர் ஒருமுறை போனால் அந்தக் கண்கள் துல்லியமாகத் தெரிந்தன. திரும்பி வருவதற்குள் மழை அவற்றைக் கரைத்துவிட்டது. மறுபடி துல்லியம்... மறுபடி கரைசல்... முன்பின் தெரியாத ஒருத்தியைக் காரின் மூக்கில் உட்கார வைத்து ஓட்டுகிறவன், சாலையைப் பார்க்க வேண்டும். அவன் சாலையைப் பார்க்கவில்லை. இருவரும் அதைக் கவனித்தார்கள். இருவரும் கவனிக்காதது போல இருந்தார்கள்.

சரிவு முடிந்தது. அவள் குதித்து இறங்கினாள்.

"இந்த எஞ்சின் இந்த வண்டியோடது இல்லையே?" என்றாள், பானெட்டைத் தட்டி.

"முன்னாடி வச்சிருந்தவர் பெருசா ஒண்ணு மாத்தியிருக்கார். பாய்ச்சலா போகும்னு சொல்லித்தான் குடுத்தார்."

"பாய்ச்சல மாத்தினவர், அதப் பங்கு போடற டிஃபரன்ஷியல மறந்துட்டார். அதுதான் ரெண்டு சக்கரத்துக்கும் சக்திய பிரிச்சுக் குடுக்கறது. இறுக்கிப் பிடிக்கற மாதிரி வேற ஒண்ணு போட்டா இந்தக் கூத்து இருக்காது." பட்டறை இருக்கும் இடத்தைச் சொன்னாள்.

அவன் என்னவோ கேட்டான். ஹாரன் சத்தத்தில் காதில் விழவில்லை. இப்போது ஹாரன்கள் அவளுக்காகத்தான் அடித்தன. வேன் சரிவின் நடுவில், கதவு திறந்தபடி, அநாதையாக நின்றுகொண்டிருந்தது.

*

பட்டறை அவளுடைய அண்ணனுடையது. கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கும் இடம். கிரைண்டர் ஓயாமல் அலறும். அதற்கு மேல் அண்ணன் அலறுவார். அவர் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவில் 'அப்படியா?' என்பார்கள். முன்மேசையில் அண்ணி. ஃபோன் எடுப்பது, வண்டி எழுதுவது, வருகிறவர்களை எடைபோடுவது மூன்றும் அவள் பொறுப்பு. கடைசி வேலையை அவள் கூடுதல் ஈடுபாட்டோடு செய்வாள்.

அந்த வாரமே நீலக் கார் வந்தது. அவனுக்குத் தொழில், மனிதர்களின் செவித்திறனைச் சோதிப்பது. அண்ணி அன்றே 'காதுக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

வாரம் ஒருநாள் மலைமேல் இருக்கும் ஒரு பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளின் காதைச் சோதிக்க வேண்டும் என்றான். ஈரமான வளைவுகளில் கார் முனகுகிறது, வழுக்குகிறது. பள்ளி வாசலில் ஒரு உடைந்த சாக்கடை மூடி. அதைத் தாண்டும்போது ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது, கார் அங்கேயே நின்றுவிடுகிறது.

"முன்சக்கரம் இழுக்கற குடும்ப வண்டி," என்று அண்ணன் முழங்கினார். "இதுக்கு எதுக்குங்க அந்த இறுக்கிப் பிடிக்கற லிமிடெட் ஸ்லிப்? பந்தயத்துக்கா போறீங்க?"

"காது பாக்கப் போறார்ண்ணா," என்றாள் அவள்.

"அப்படியே போடறதுன்னாலும் பல்சக்கர வகை போடு. சத்தமே இருக்காது."

"சக்கரம் அந்தரத்துல தொங்கினா அது கைய விரிச்சிடும். தட்டு வகைதான் பிடிக்கும்."

தங்கை சொல்வது சரி என்று அண்ணனுக்குத் தெரிந்தது. அதை ஒத்துக்கொள்ள ஒரு நிமிடம் மீசையைத் தடவிக்கொண்டார். இதுவரை அவள் பிரித்து மாட்டிய ஒவ்வொரு கியர்பாக்ஸும் அண்ணன் பெயரில்தான் போயிருந்தது. தனியாக ஒரு வேலை, பிரித்து மாட்டத் தனியாக ஒரு மேடை வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"சரி. இது உன் வேலை. நான் ஸ்பேனரத் தொடமாட்டேன். நல்லா வந்துச்சுன்னா அந்த மூலை மேடை உனக்கு. குறைன்னு திரும்பி வந்துச்சு... அண்ணி பக்கத்துல நாற்காலி போட்டு ஃபோன் எடுக்கற. அதுக்கப்புறம் மேடை பேச்சே எடுக்கக் கூடாது."

"எனக்குப் பக்கத்துல இடமில்ல," என்றாள் அண்ணி.

அவள் வேலையை ஆரம்பித்தாள். கியர்பாக்ஸை இறக்கி, பழைய டிஃபரன்ஷியலை எடுத்து, புதியதை வைத்தாள். உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் சாமான் அது. ஒரு சக்கரம் மட்டும் துள்ளினால் தட்டுகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, 'நீ மட்டும் ஆடாதே, இருவரும் சேர்ந்து இழுப்போம்' என்று சொல்லும். சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் இரு பக்கத்து அச்சுக்கம்பிகளையும் சொருகினாள். கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டு, அந்த மூலை மேடையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். யாருக்கும் தெரியாமல்தான்... அண்ணியைத் தவிர.

*

தட்டு வகை டிஃபரன்ஷியலைப் போட்டதும் நேரே சாலையில் விரட்டக் கூடாது. காலி மைதானத்தில் எட்டுப் போட்டு மெதுவாக ஓட்ட வேண்டும். இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம்... தட்டுகள் ஒன்றுக்கொன்று பழகும் வரை.

மாலை வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. அவன் ஓட்டினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர், ஒரு கார், அவசரமே இல்லாத ஒரு வட்டம். சின்ன வேகம். அதைவிடச் சின்னப் பேச்சு.

"ஸ்டியரிங் கைய இழுக்குதுங்க..."

"இழுக்கும். எதிர்த்து சண்ட போடாதீங்க. ஒரேயடியா விட்டும் குடுக்காதீங்க. பிடிச்சுக்கிட்டு மட்டும் இருங்க."

"இத எங்க படிச்சீங்க?"

"அண்ணி அண்ணன ஓட்டறத பாத்து."

அவன் சிரித்தான். சத்தம் வராத சிரிப்பு. கண்ணில் ஆரம்பித்துக் கண்ணிலேயே முடிந்துவிட்டது. அவள் சட்டென்று வெளியே பார்த்தாள். வெளியே பார்க்க எதுவும் இல்லை. மைதானம்தான், அதுவும் சுற்றிக்கொண்டிருந்தது.

காரின் அடியிலிருந்து 'குர்ர்ர்' என்று ஓர் உறுமல் எழுந்தது.

"இது தட்டு வகையோட குணம்," என்றாள். "மெதுவா திரும்பினா இது உறுமும். தட்டுங்க உரசற சத்தம். பயப்படாதீங்க, பழகிடும்."

"உறுமல் சரி." அவன் தலையைச் சாய்த்தான். "அதுக்குள்ள இன்னொண்ணு கேக்குதே... சன்னமா, 'டிங்'னு. இடப்பக்கம் திரும்பும்போது மட்டும்."

அவள் காதைத் தீட்டினாள். உறுமல் கேட்டது. காற்றுக் கேட்டது. தன் நெஞ்சு செய்துகொண்டிருந்த அநாவசியமான வேலைகூடக் கேட்டது. 'டிங்' கேட்கவில்லை.

"அப்படி ஒண்ணும் இல்லையே."

"இதோ... இப்ப..."

"இல்லீங்க."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு "சரி" என்றான். அடுத்த வட்டத்தைப் போட்டான்.

*

மூன்று நாளில் வந்தான். "அந்த 'டிங்' இருக்குங்க." காரை மேலே தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிப் பார்த்தாள். எல்லாம் இறுக்கம். தானே ஓட்டிப் பார்த்தாள். உறுமல்தான்.

அடுத்த வாரம் மறுபடி வந்தான். மறுபடி தூக்கல், தட்டல், ஓட்டல். மறுபடி உறுமல் மட்டும். அவள் வேலை முடிக்கும் வரை முன்மேசையில் உட்கார்ந்து, அண்ணி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, அண்ணி கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னான். அண்ணி கேட்காத விஷயம் எதுவும் மிச்சம் இல்லை. பதிலுக்கு அண்ணியும் பட்டறைக் கதையெல்லாம் அளந்தாள்.

"ஏண்டி," என்றாள் அண்ணி, அவன் போனதும். "அந்த 'டிங்' வண்டியில இல்ல. அவர் நெஞ்சுலதான் அடிக்குது."

"சும்மா இருங்க அண்ணி."

"நல்ல பையன். அம்மா மட்டும்தான். பல் வரிசையா இருக்கு. சத்தம் போடாம டீ குடிக்கறார். இந்தப் பட்டறையில அது எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்குத் தெரியாது."

அவளுக்குக் கன்னம் சுட்டது. சரிவில் வைப்பருக்குப் பின்னால் பார்த்த கண்கள் நினைவுக்கு வந்தன. அப்படியானால் அவன்... சே! கொஞ்சம் இனித்தது. அந்த இனிப்புக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. பார்க்க வரணும்னா வரட்டுமே! ஏன் என் வேலை மேல பழி போடணும்? ஒவ்வொரு தடவை இவன் 'சத்தம்' என்னும்போதும் அண்ணன் புருவம் ஒரு படி ஏறுகிறது. இன்னும் ஒரு படி ஏறினால் மேடை போச்சு.

மூன்றாவது முறை அவன் வந்தபோது அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார். கிரைண்டர் கூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது.

"இடப்பக்கம் திரும்பும்போது..." என்று அவன் ஆரம்பித்தான்.

"சார்!" அவள் குரல் அவளுக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. "பேசணும்னு தோணினா நேரா வந்து பேசுங்க. அதுக்கு ஒரு சத்தத்த கண்டுபிடிக்க வேண்டாம். உங்களுக்கு அது விளையாட்டு. எனக்கு இது வேலை."

அண்ணன் கூரையைப் பார்த்தார். அண்ணி ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். ஃபோன் அடிக்கவே இல்லை.

அவன் முகம் மெல்லச் சிவந்தது. கோபத்தில் இல்லை. யாரோ உள்ளே விளக்குப் போட்டுவிட்டது போல.

"சத்தம் நிஜம்ங்க," என்றான் தணிந்த குரலில். மேலே என்னவோ சொல்ல வந்தான். அண்ணனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு காரை எடுத்தான்.

அதற்கப்புறம் அவன் வரவில்லை. ஒரு வாரம்... இன்னொரு வாரம்... 'நிம்மதி' என்று அவள் அண்ணியிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அண்ணி நம்பவில்லை. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு நீலக் காருக்கும் அவள் தலை தானாகத் திரும்பியது. கழுத்து வலிக்கு அண்ணி தைலம் எடுத்துக் கொடுத்தாள். எதனால் வலி என்று கேட்காமல் கொடுத்ததுதான் அதிக எரிச்சல்.

*

ஒரு மத்தியானம் அண்ணி, நட்டு போல்ட்டு போட்டு வைக்கக் காலி டப்பா வேண்டும் என்றாள். புதிய டிஃபரன்ஷியல் வந்த அட்டைப்பெட்டி அலமாரிக்கு மேல் இருந்தது. அவள் அதை எடுத்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சைப் பிய்த்துப் போட்டாள். ஸ்பாஞ்சின் அடியில் ஒட்டிக்கொண்டு, விரல்நகம் அளவு பிளாஸ்டிக் உறை ஒன்று வந்தது.

உறைக்குள் ஒரு சின்ன வளையம். பூட்டு வளையம்.

அவள் கை அப்படியே நின்றது.

அச்சுக்கம்பி டிஃபரன்ஷியலை விட்டு வெளியே வராமல் பிடித்துக்கொள்வது அந்த வளையம்தான். இது பழையதைவிட ஒரு நூல் தடிமன். புதிய டிஃபரன்ஷியலின் பள்ளம் கொஞ்சம் ஆழமாக இருந்திருக்கிறது, அதனால் இதைக் கூடவே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அவள் பெட்டியைத் துழாவாமல் பழைய வளையத்தையே போட்டுவிட்டாள். கையால் சுற்றும்போது ஒன்றும் தெரியாது. பாரம் ஏறி, இடப்பக்கம் திரும்பும்போது மட்டும்... கம்பி ஒரு இழை நழுவி, மறுபடி உள்ளே போய் முட்டும்.

'டிங்.'

சத்தம் நிஜம்.

அப்படியானால் அவன் கேட்டது இருந்தது. அவள்தான்... அந்த நினைப்பை முழுசாக நினைக்கப் பயமாக இருந்தது. அதற்குள் அதைவிடப் பெரிய பயம் வந்து நின்றது. மலைச்சாலை. மழை. இடப்பக்க வளைவு. ஒரு நாள் அந்தக் கம்பி முழுசாக நழுவினால்?

ஃபோன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டாள். அதேதான்.

நேரே அண்ணனிடம் போனாள். உள்ளங்கையை விரித்தாள்.

"காதுக்காரர் வண்டியில இத போடாம விட்டுட்டேன்ணா. பழசையே போட்டிருக்கேன். அவர் சொன்ன சத்தம் இதுதான். என் தப்பு."

அண்ணன் வளையத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் வேன் சாவியை எடுத்து நீட்டினார்.

"முதல்ல போய் அந்த வண்டிய நிறுத்து. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

*

அவன் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் செவித்திறன் நிலைய வாசலில், மரத்தடியில், நீலக் கார் நின்றிருந்தது. கூரையிலும் கண்ணாடியிலும் ஈர இலைகள் அப்பிக்கிடந்தன. சக்கரத்தடியில் புல் எட்டிப் பார்த்தது. அவள் வேனை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினாள்.

அவன் ஒரு வயசாளியை வழியனுப்ப வெளியே வந்தான். அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான். மழைத்துளி இமையில் தொங்க, ஆயில் படிந்த உடுப்போடு, மூச்சு வாங்க...

"வண்டிய எடுத்தீங்களா? மலைக்குப் போனீங்களா? ஃபோன் ஏன் எடுக்கல?"

"சோதன நடக்கும்போது ஃபோன அணைச்சிடுவேன். மலைக்குப் பஸ்ல போறேன். அன்னைக்கே வண்டிய நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"சத்தம் இருந்துச்சே."

உள்ளங்கையை மறுபடி விரித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வளையத்தைக் குனிந்து பார்த்தான். "இவ்வளவு சின்னதா... இது இல்லாததுக்கா அந்த சத்தம்," என்றான்.

"வேற பட்டறைக்குக் கொண்டு போயிருக்கலாமே?"

"வேற ஒருத்தர் பிரிச்சா உங்க வேலையில குறைன்னு ஆகிடும். மூலை மேடை போயிடும்னு உங்க அண்ணி சொன்னாங்க."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மழை சாரலாக மாறி, இருவருக்கும் நடுவில் மெதுவாக ஆடியது.

"எனக்கு அது கேக்கல," என்றாள். "கேட்டுட்டு மறைக்கல... நிஜமா கேக்கல."

"தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"மைதானத்துல... எட்டுப் போடும்போது. தினமும் இதுதானே பாக்கறேன். உங்க கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வரும். கியர்பாக்ஸ்காரங்ககிட்ட போய் 'உங்களுக்குக் காது கொஞ்சம் கம்மி'ன்னு எப்படிங்க சொல்றது? அதுவும் அண்ணன் பக்கத்துல நிக்கும்போது..."

அன்று அவன் விழுங்கிக்கொண்டது இதுதான்! அவள் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள்.

"உள்ள வாங்க," என்றான். "பாத்துடலாம். தெரியாம இருந்தாத்தான் பயம்."

*

சோதனை அறை ஒரு பெரிய அலமாரி போலிருந்தது. தடித்த கதவு, ஸ்பாஞ்சுச் சுவர், ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடிச் சன்னல். கதவை மூடியதும் உலகம் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து இப்படி ஓர் அமைதியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், கருவியின் முன்னால். ஹெட்ஃபோனில் ஒவ்வொரு ஒலியாக வந்தது. கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். சில நேரம் அமுக்கினாள். சில நேரம், அவன் விரல் திருகியை நகர்த்துவது தெரியும்... அவள் காதில் ஒன்றும் வராது. அப்போதெல்லாம் அவன் முகத்தையே பார்த்தாள். அது மாறவே இல்லை. அந்த மாறாமைக்காக அவனுக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள்.

முடிந்ததும் கதவைத் திறந்து அவளை வெளியே கூட்டி வந்தான்.

"வலது காது பரவாயில்ல. இடது காதுல சன்னமான ஒலி மட்டும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. உறுமலுக்கு நடுவுல அந்த 'டிங்' தப்பினது அதனாலதான். கிரைண்டர் குடுத்த பரிசு. கருவி எதுவும் வேண்டாம். இனிமே காத அடைச்சுக்கிட்டுதான் கிரைண்டர்ட்ட போகணும். இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம்."

"காது கம்மியானவ போட்ட கியர்பாக்ஸ யாரு நம்புவா?"

"நான் சத்தம்தான் கேட்டேன். எங்க இருந்து, எதனாலன்னு எனக்கு இன்னும் சரியா புரியல. நீங்க அந்த வளையத்தப் பாத்த உடனே எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டீங்க. கண்ணும் கையும் பத்திரமா இருக்குங்க."

அவள் பதில் சொல்வதற்குள் ஃபோன் அடித்தது. அண்ணன். காதில் வைக்கத் தேவையில்லை. கைநீட்டும் தூரத்திலேயே தெளிவாகக் கேட்டது.

"வண்டி ஓடலையே? அவர் நல்லா இருக்காரா? சரி, இழுத்துட்டு வா. நீயே பிரி, நீயே மாட்டு!"

"அப்ப... முன்மேசை?"

"அவர் கொண்டு வந்தப்ப குறைன்னு யாருக்குத் தெரிஞ்சுது? நீயே கண்டுபிடிச்சு நீயே வந்து சொல்லிட்ட. அது வேற கணக்கு. மேடைய துடைச்சு வச்சிருக்கு, உங்க அண்ணிதான் துடைச்சா!"

இதையும் சொல்லிவிட வேண்டும், இப்போதே.

"அண்ணா... எனக்கு இடது காது கொஞ்சம் கம்மியாம்."

"என்னது?"

"காது... கம்மியாம்."

"என்ன? கொஞ்சம் சத்தமா சொல்லு!"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் மிகுந்த மரியாதையோடு, "அண்ணனையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க," என்றான். அவள் சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு... கண்ணீர் கலந்து, கட்டுப்படாமல், சுவரில் மோதித் திரும்பி வரும் சிரிப்பு.

அவன் அந்தச் சிரிப்பு முடியும் வரை காத்திருந்தான். பிறகு எழுதுகோலைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"இன்னும் ஒரு சோதன பாக்கி இருக்கு."

"எல்லாம் முடிஞ்சதுன்னீங்க?"

"அது ஒலி. இது பேச்சு. நான் ஒண்ணு சொல்லுவேன், அதையே நீங்க திரும்பச் சொல்லணும். போகப் போக மெதுவா சொல்லுவேன். அவ்வளவுதான்."

மறுபடி அந்த அமைதிக்குள் போய் உட்கார்ந்தாள். ஹெட்ஃபோனில் அவன் குரல் வந்தது. காதுக்குள்ளேயே... வேறு யாருக்கும் இல்லாமல், அவளுக்கு மட்டும்.

"கதவு."

"கதவு."

"விரல்."

"விரல்."

"ஜன்னல்."

"ஜன்னல்."

கொஞ்சம் இடைவெளி. கண்ணாடிக்கு அப்பால் அவன் திருகியைக் குறைத்தான்.

"இப்ப வாக்கியம். 'சத்தம் நிஜம்.'"

"சத்தம் நிஜம்," என்றாள். உதட்டோரம் துடித்தது.

"'ஆனா அத ஃபோன்லயே சொல்லியிருக்கலாம்.'"

"ஆனா... அத ஃபோன்லயே சொல்லியிருக்கலாம்."

"'ஒவ்வொரு தடவையும் நேர்ல வந்தது, சத்தத்துக்காக மட்டும் இல்ல.'"

அவள் விரல்கள் நாற்காலியின் கையைப் பற்றின. அப்படியென்றால் அவள் பட்டறையில் கத்தியது... முழுத் தப்பும் இல்லை! "ஒவ்வொரு தடவையும்," என்றாள் மெதுவாக, "நேர்ல வந்தது... சத்தத்துக்காக மட்டும் இல்ல."

அவன் திருகியை இன்னும் குறைத்தான். அவளைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். மனிதர்களின் காதையே பார்த்துப் பிழைப்பவனின் காதுகள் இரண்டும் செக்கச் சிவந்திருந்தன.

"'எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு.'"

மூச்சைவிடக் கொஞ்சம்தான் சத்தம். அவள் பேசவில்லை.

அவன் காத்திருந்தான். தொழில் நேர்மை உள்ளவன். கேட்கவில்லை போலும் என்று திருகியை ஒரு படி ஏற்றினான். "'எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு.'"

அமைதி.

இன்னொரு படி. "'எனக்கு உங்கள...' கேக்கலையா?"

"முதல் தடவையே கேட்டுச்சு," என்றாள்.

அவன் நிமிர்ந்தான். "அப்புறம் ஏன் திரும்பச் சொல்லல?"

"இன்னும் ரெண்டு தடவ கேக்கணும் போல இருந்துச்சு."

கண்ணாடிக்கு இரு பக்கமும் நான்கு கண்கள். இந்த முறை எதுவும் அவற்றை மறைக்கவில்லை. அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தாள். இது சோதனைக்குச் சொல்லும் பதில் இல்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். எழுந்து, அந்தக் கனத்த கதவைத் தோளால் தள்ளித் திறந்து, அவன் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கும்... உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றாள்.